பெட்டிக்குள்ளேயே செத்துப்போகும் பூட்ஸ்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியிலிருந்து என்னிடம் சவாரி பழக வந்திருந்த பன்னிரண்டு வயதுப் பையன் குதிரையிலிருந்து இறங்கினான். கால் தரையைத் தொட்டதும் வலது பூட்ஸின் அடிப்பாகம் கழன்று, தேநீரில் ஊறிய பிஸ்கட் மாதிரி மண்ணில் உதிர்ந்தது. பையனுக்கு ஒரே சிரிப்பு. அவன் அம்மாவுக்கு அழுகை வராத குறை. "ஒரு தடவைகூட மண்ணில் படாத பூட்ஸ் அக்கா. பெரியவனுக்கு வாங்கினது, அதற்குள் அவன் கால் வளர்ந்துவிட்டது. சின்னவனுக்கு ஆகுமே என்று பெட்டியோடு பத்திரமாக வைத்திருந்தேன்."

எனக்கு எரிச்சலாக வந்தது. அந்த அம்மாவின் மேல் இல்லை. இதே முட்டாள்தனத்தை 4,000 ராண்டு செலவழித்து நானே ஒருமுறை செய்திருக்கிறேன். அதற்குப் பிறகு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, யாரும் கேட்பதில்லை.

டர்பனிலிருந்து மேலே ஏறி வந்தால் ஹில்கிரெஸ்ட், ஷாங்வேனி பக்கமெல்லாம் குதிரை லாயங்கள். பந்தயக் குதிரைகளைப் பழக்கும் சம்மர்வெல்டும் இங்கேதான். 1897 முதல் ஓடிக்கொண்டிருக்கும் டர்பன் ஜூலை பந்தயத்துக்கு நம் குடும்பங்கள் சூட்டும் சேலையுமாகக் கிரேவில் மைதானத்துக்குப் போய் வருவது பழைய கதை. ஆனால் பந்தயம் பார்த்தவர்கள்தான் அதிகம், குதிரைமேல் ஏறியவர்கள் குறைவு. அதனால் பூட்ஸ் விஷயத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் ஒரு தாத்தாவோ மாமாவோ இருப்பதில்லை. கடைக்காரர் சொன்னதுதான் வேதம்.

செருப்போடும் டேக்கீஸோடும் (கேன்வாஸ் ஷூ) வராதீர்கள் என்று நான் எழுதப் போவதில்லை. அது எல்லாருக்கும் தெரியும். தெரிந்தவர்களே பூட்ஸ் விஷயத்தில் செய்கிற தவறுகளைத்தான் ஒவ்வொன்றாகச் சொல்லப் போகிறேன்.

லாயத்துக்கும் சவாரிக்கும் ஒரே ஜோடி

லாயம் கூட்டிக் கழுவ கம்பூட் என்கிற ரப்பர் பூட்ஸை மிஞ்ச எதுவும் இல்லை. லத்தி, மூத்திரம், சேறு எதுவானாலும் ஹோஸ் பைப்பில் ஒரு பீச்சு, வேலை முடிந்தது. சிக்கல் எங்கே வருகிறது என்றால், அதே கம்பூட்டோடு "இரண்டே நிமிஷம், ஒரு சுற்று சுற்றிவிட்டு வருகிறேன்" என்று குதிரைமேல் ஏறும்போதுதான்.

அங்கவடி, அதாவது இங்கே எல்லாரும் ஸ்டிரப் என்கிற வளையம், காலைத் தாங்குவதற்கு. தேவைப்படும்போது காலை விட்டுவிடவும் வேண்டும். கம்பூட் அகலம், தொளதொள, அடியில் டிராக்டர் டயர் மாதிரி ஆழமான பள்ளங்கள். அந்தப் பள்ளத்தில் அங்கவடியின் கம்பி போய் உட்கார்ந்துகொள்ளும். இப்படித்தான் ஒரு நண்பர் ஏறினார். வேலிக்கு மேலே ஒரு ஹடீடா பறவை அலறிக்கொண்டு பறந்தது. நாம் காது பழகியவர்கள், குதிரை இன்னும் பழகவில்லை. ஒரு துள்ளு. ஆள் இந்தப் பக்கம், இடது கால் மட்டும் இன்னும் மேலே அங்கவடிக்குள். குதிரை நல்ல குணம், நின்றுவிட்டது. ஓடியிருந்தால் இந்தப் பத்தியை நான் வேறு மாதிரி எழுத வேண்டியிருக்கும்.

சவாரிக்கான பூட்ஸுக்கு இரண்டு விஷயம் பாருங்கள். அடிப்பாகம் வழவழப்பாகவோ லேசான வரிகளோடோ இருக்க வேண்டும். குதிகாலில் சுமார் 2.5 சென்டிமீட்டர் உயரம் வேண்டும், கால் முழுவதும் அங்கவடிக்குள் நழுவிப் போகாமல் அதுதான் தடுக்கும். ஜோத்பூர் பூட்ஸ் என்கிற கணுக்கால் உயர பூட்ஸ் தொடங்குகிறவர்களுக்குப் போதும். ஆமாம், ராஜஸ்தானின் அதே ஜோத்பூர்தான். புது பூட்ஸ் வாங்கியதும் அங்கவடியையும் அளந்து பாருங்கள். பூட்ஸின் மிக அகலமான இடத்தைவிட இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் கூடுதலாக இருக்க வேண்டும். குறைந்தால் கால் சிக்கும், ரொம்பக் கூடினால் கால் உள்ளே போய்விடும். வெல்ட்ஸ்கூன் என்கிற தட்டையான தோல் ஷூவைப் போட்டுக்கொண்டு "இது தோல்தானே அக்கா" என்று வருகிறவர்களும் உண்டு. தோல் சரி. குதிகால் எங்கே?

இரும்பு முனை

"குதிரை மிதித்தால் பூட்ஸ் முனையில் இருக்கும் இரும்பு மடங்கி விரலையே வெட்டிவிடும்" என்று லாயத்துக்கு லாயம் ஒருவர் சொல்லிக்கொண்டிருப்பார். இ.என். ஐ.எஸ்.ஓ. 20345 என்கிற பன்னாட்டுத் தரம் பெற்ற பாதுகாப்பு பூட்ஸின் முனை 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும். 20 கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் விழும் அடி அது. அழுத்தம் என்று பார்த்தால் 15 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய ஒன்றரை டன் பாரம். நம் குதிரைகள் 500 கிலோ, அதுவும் நான்கு காலில். தரமான முனை மடங்குவதற்கு முன்னால் உங்களுக்குப் பயமே மடங்கிவிடும். ஆனால் குதிரை எப்போதும் விரல்மேல்தான் மிதிக்கும் என்று ஏதாவது ஒப்பந்தம் இருக்கிறதா? முனைக்குப் பின்னால் புறங்காலில் மிதித்தால் இரும்பு உதவாது. முற்றத்தில் போடுங்கள், நல்லது. சேணத்தில் ஏறும்போது கழற்றிவிடுங்கள். அந்தத் தடித்த மூக்கு அங்கவடியில் மாட்டிக்கொள்ளும்.

"நல்ல நாளுக்கு" என்று எடுத்து வைப்பது

இப்போது என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் ஆயா காலத்திலிருந்தே ஒரு பழக்கம். புதிதாக எது வந்தாலும் டிரங்குப் பெட்டிக்குள் போகும். தீபாவளிக்குக் கட்டலாம், காவடிக்குக் கட்டலாம், கல்யாணத்துக்குக் கட்டலாம் என்று சேலைகள் பெட்டியிலேயே கிழவியாகிவிடும். அந்த ரத்தம்தான் எனக்கும். முதல்முறையாக நல்ல விலையில் ஒரு நீள பூட்ஸ் வாங்கினேன், போட்டிகளுக்கு மட்டும் என்று. இரண்டு முறை போட்டேன். துடைத்து, பாலிஷ் போட்டு, பிளாஸ்டிக் பையில் கட்டி, பூச்சி வராமல் இரண்டு கற்பூர உருண்டையும் போட்டு அலமாரி மேல் வைத்தேன். நடுவில் குழந்தை, வேலை, வீடு மாற்றம். ஐந்தாவது வருஷம் ஒரு போட்டிக்கு எடுத்தேன். பார்க்க அப்படியே புதுசு. காரிலிருந்து வார்ம்-அப் மைதானத்துக்கு நடந்தேன், அவ்வளவுதான். பின்னால் திரும்பிப் பார்த்தால் புல்லில் என் பூட்ஸ் துண்டு துண்டாகக் கிடக்கிறது, யாரோ கோழிக்குத் தீனி இறைத்த மாதிரி.

காரணம் என்ன என்றால், பல பூட்ஸ்களின் அடிப்பாகம் ரப்பர் கிடையாது. பாலியூரித்தேன், சுருக்கமாகப் பி.யூ. இலேசானது, மெத்தென்றிருக்கும், முழுநாளும் நின்று வேலை செய்தாலும் கால் வலிக்காது. லாய வேலைக்கான பூட்ஸ்களில் இதுதான் நிறைய. அதன் பலமே நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள்தான். காற்றில் இருக்கும் ஈரம் அந்தச் சங்கிலிகளை மெதுவாக வெட்டிக்கொண்டே இருக்கும். பள்ளி வேதியியலில் நீராற்பகுப்பு என்று படித்தோமே, அதேதான். சூடு சேர்ந்தால் இன்னும் வேகம். டர்பன் பிப்ரவரியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, சுவரே வேர்க்கும். அதில் பிளாஸ்டிக் பைக்குள் ஈரத்தையும் சேர்த்துக் கட்டி வைத்தால்? பாதுகாக்கிறேன் என்று நினைத்து நான் அதை வேக வைத்திருக்கிறேன்.

போடாமல் வைத்தால் தேயாது என்பது நம் கணக்கு. பி.யூ. அந்தக் கணக்குக்கு வராது. தினமும் போடுகிற ஜோடி மேலே தேய்ந்து கிழியும்வரை உழைக்கிறது, பெட்டியில் இருப்பது ஆள் தெரியாமல் சாகிறது. பூட்ஸ் தயாரிப்பவர்களே அடிக்கடி போடுங்கள் என்றுதான் சொல்கிறார்கள்.

கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் ரசீதில் தேதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "இது தேய்மானம் மேடம்" என்றார். இரண்டு முறை போட்டதற்குத் தேய்மானமாம். கோபத்தில் வீட்டுக்கு வந்து பசை வாங்கி ஒட்டினேன். அது அடுத்த முட்டாள்தனம். பசை நன்றாகத்தான் பிடித்தது. பிடித்துக்கொள்ள அந்தப் பக்கம் ஒன்றும் உருப்படியாக இல்லை. உளுத்துப்போன மரத்தில் ஆணி அடித்த கதை.

ஆகவே, வாங்கும்போதே அடிப்பாகம் என்ன பொருள் என்று கேளுங்கள். எப்போதாவதுதான் போடப் போகிறீர்கள் என்றால் ரப்பர் அடி, முடிந்தால் தைத்த அடி உள்ளதை வாங்குங்கள். தைத்ததைச் செருப்பு தைப்பவரிடம் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். தள்ளுபடியில் கிடைக்கிற பி.யூ. பூட்ஸைக் கண்டால் இன்னும் உஷாராக இருங்கள். கிடங்கில் எத்தனை வருஷம் கிடந்ததோ. பாதுகாப்பு பூட்ஸில் தயாரித்த தேதி கட்டாயம் இருக்கும். பல சமயம் அடியில் கடிகாரம் மாதிரி ஒரு சின்ன வட்டமும், மாதத்தைக் காட்டும் அம்புக்குறியும், வருஷமும் இருக்கும். பாதி விலைக்கு வாங்குவது பாதி ஆயுளையா என்று அதிலே தெரிந்துவிடும்.

வீட்டில் பழையது கிடந்தால், போட்டுக்கொண்டு கிளம்புவதற்கு முன்னால் அடியைக் கட்டை விரலால் அழுத்துங்கள். நகம் பதிந்து அப்படியே நின்றால், பிசுபிசுத்தால், மடியும் இடத்தில் மெல்லிய வெடிப்புகள் ஓடினால், அதோடு குதிரைமேல் ஏற வேண்டாம். தரையில் கழன்றால் வெட்கம், அங்கவடியில் நிற்கும்போது பாதி கழன்றால் அது வேறு விஷயம்.

வைக்கும் முறையும் எளிதுதான். பிளாஸ்டிக் கூடாது. உள்ளே பழைய செய்தித்தாள், மேலே பழைய வேட்டித் துணி, தரையை விட்டு உயரமாக, காற்று வரும் இடம். கார் டிக்கியில் விடவே கூடாது, வெயிலில் அது அடுப்பு. அப்புறம், மாதத்துக்கு இரண்டு தடவையாவது போட்டு நடங்கள். வீட்டுக்குள் பூட்ஸோடு நடந்தால் மாமியார் திட்டினால், முற்றத்தில் நடங்கள்.

காலையில் போய் அளவு பார்ப்பது

மாலையில் போங்கள், கால் வீங்கியிருக்கும். சவாரிக்குப் போடும் காலுறையைக் கையோடு கொண்டுபோங்கள். நீள பூட்ஸ் முதல் சில வாரத்தில் கணுக்காலில் மடிந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் இறங்கும். அதனால் கடையில் முழங்காலுக்குப் பின்னால் கொஞ்சம் குத்துகிற உயரம்தான் சரியான உயரம். கடையிலேயே சுகமாக இருந்தால் பிறகு குட்டையாகத் தெரியும்.

ஹீட்டர் முன்னால் காய வைப்பது

தோல் சுருங்கும், விறைக்கும், வெடிக்கும். செய்தித்தாள் திணித்து நிழலில் வையுங்கள். தாள் ஈரமானதும் மாற்றுங்கள்.

மூத்திரத்தைக் கழுவாமல் விடுவது

குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா தோலையும் தையல் நூலையும் தின்னும். சாயங்காலம் வெறும் தண்ணீரில் ஒரு துடைப்பு போதும். மேல்தோல் நன்றாகவே இருந்து தையல் மட்டும் பிரிந்த பூட்ஸ்களை எண்ணினால் விரல் போதாது.

எண்ணெயில் குளிப்பாட்டுவது

தோலுக்கு எண்ணெய் கொஞ்சம் வேண்டும். கொஞ்சம். ஊற ஊறத் தடவினால் தோல் தளர்ந்து கணுக்காலில் சரிந்து தொங்கும். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்கள் உண்டு, நானும் தடவியிருக்கிறேன். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். ஜூலை இங்கே குளிர்காலம்; அப்போது மிட்லேண்ட்ஸ் மேட்டுப் பக்கம் குதிரையோடு போனபோது என் பூட்ஸ் முழுக்க வெள்ளை. பூஞ்சணம் என்று நினைத்து வினிகர் போட்டுத் தேய்த்தேன்.

கடையில் நீட்ஸ்ஃபுட் எண்ணெய் என்று விற்பது மாட்டின் கால் எலும்பிலிருந்து எடுப்பது. இது பலருக்குத் தெரியாது. புரட்டாசி விரதத்தில் ஒரு மாணவி அதைக் கையால் தடவிக்கொண்டிருந்தாள். சொன்னேன். அப்படியே கீழே வைத்துவிட்டுப் போய் மூன்று தடவை கை கழுவினாள். மாட்டுத் தோல் பூட்ஸுக்கு மாட்டு எண்ணெய் ஆகாதா என்று நான் கேட்கவில்லை, அவரவர் வீட்டு வழக்கம். தேன்மெழுகு சேர்ந்த கிரீம்கள் கிடைக்கின்றன. செயற்கைத் தோல் பூட்ஸும் இப்போது நன்றாகவே வருகிறது. அதற்கு எண்ணெயே வேண்டாம், ஈரத் துணி போதும்.

குதிரையை ஒட்டும் உள்பக்கத்துக்குப் பாலிஷ்

சேணம் கறுப்பாகும். சேணத்துக்குச் சொந்தக்காரர் சிவப்பாவார்.

ஜிப்பில் மண்

பல் துலக்கும் பழைய பிரஷ். ஒவ்வொரு தடவையும்.

உதறாமல் காலை விடுவது

வெளியே விட்ட கம்பூட்டைத் தலைகீழாகத் தட்டுங்கள். என் கம்பூட்டில் இதுவரை வந்தது தேரைகள்தான், காலால் தொட்டால் குளிர்ச்சியாக நகரும். ஆனால் தேரையைத் தேடிக்கொண்டு நைட் ஆடர் என்கிற விஷப் பாம்பும் வரும், அதற்கு முக்கிய உணவே தேரைதான். போன மழையில் ஒருநாள் தட்டியபோது ஒரு தேரை விழுந்தது, நகரவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நான் இன்னொரு கம்பூட்டையும் தட்டினேன்.