தேங்கிய தண்ணீரும் துளை விழும் இரும்பும்: நுண்ணுயிர்க் கறளைக் கண்டுபிடித்துத் தடுப்பது எப்படி

திருகோணமலையில் இரும்போடு வேலை செய்கிற எவருக்கும் கறள் புதிதில்லை. உப்புக்காற்று, கடல்நீர், மாரி மழை மூன்றும் சேர்ந்தால் பூச்சு உரிந்த இரும்பு விரைவில் சிவந்துவிடும். அந்தக் கறள் பரவலாக, மெதுவாக வரும். கண்ணுக்குத் தெரியும், சுரண்டிவிட்டுப் பெயின்ற் அடிக்கலாம். இங்கே சொல்லப்போவது வேறொரு கறளை. பைப்பின் சுவர் பெரும்பாலும் புதிது போலவே இருக்கும், ஓரிடத்தில் மட்டும் துளை விழுந்திருக்கும். “அண்ணை, போன மாசம் பார்க்கேக்க நல்லாத்தானே இருந்தது” என்று சொல்லவைக்கும் கறள் இது. இதற்குப் பின்னால் பல நேரங்களில் நுண்ணுயிர்கள் இருக்கும்.

சீனக்குடா, கொட்பே பக்கம் ஆலைகளிலோ எண்ணெய்க் குதங்களிலோ ஐஸ் தொழிற்சாலையிலோ மீன்பிடிக் கலங்களிலோ புதிதாகப் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்த தம்பி தங்கைகளை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். இரசாயனம் படித்திருக்க வேண்டியதில்லை.

படி 1: யார் இந்த வேலையைச் செய்கிறார்கள்?

நுண்ணுயிர் இரும்பைக் கடித்துத் தின்பதில்லை. அது இரும்பின் மேல் ஒட்டி, வழுவழுப்பான ஒரு படலத்தைக் கட்டிக்கொண்டு, அதற்குள் வாழ்கிறது. அந்தப் படலத்துக்குக் கீழே உண்டாகும் சூழல்தான் உலோகத்தைக் கெடுக்கிறது.

படலத்தின் மேல்பகுதியில் இருக்கும் பற்றீரியாக்கள் நீரில் கரைந்துள்ள ஒட்சிசனை முடித்துவிடும். அதனால் கீழ்ப்பகுதியில் ஒட்சிசன் இல்லாத ஒரு இடம் உருவாகும். அங்கேதான் மிக மோசமான கூட்டம் குடியேறும்: சல்பேற்றைச் சுவாசத்துக்குப் பயன்படுத்தும் பற்றீரியாக்கள். டிசல்போவிப்ரியோ இவற்றில் நன்கு அறியப்பட்டது. இவை சல்பேற்றை ஐதரசன் சல்பைட்டாக மாற்றும். அது இரும்போடு சேர்ந்து கறுப்பு நிற இரும்புச் சல்பைட்டு ஆகும். இந்தக் கறுப்புப் படிவு மின்னைக் கடத்தும். ஆகவே அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் உருக்கோடு சேர்ந்து ஒரு சிறிய மின்கலம் போல வேலை செய்து, குழியை இன்னும் ஆழமாக்கும்.

கடல்நீர் ஒரு லீற்றரில் ஏறக்குறைய 2.7 கிராம் சல்பேற்று இருக்கிறது. அதாவது துறைமுகத் தண்ணீரை உள்ளே எடுக்கும் எந்தத் தொழிற்சாலையும் இந்தப் பற்றீரியாவின் சுவாசத்துக்கு வேண்டியதையும் சேர்த்தே எடுக்கிறது. நம் கடலின் வெப்பநிலையும் அவற்றுக்கு மிகவும் பிடித்தமானது.

வேறு சிலவும் உண்டு. அமிலம் சுரப்பவை படலத்துக்குக் கீழே புளிப்பை உண்டாக்கும். கலியனெல்லா போன்ற, இரும்பை ஒட்சியேற்றும் பற்றீரியாக்கள் கிணற்று நீர் ஓடும் குழாய்களில் செம்மஞ்சள் நிற மொட்டுகளைக் கட்டும். டீசலில் வளரும் ஒரு பூஞ்சணமும் இருக்கிறது, ஹோர்மோகோனிஸ் ரெசினே என்று பெயர். அது எரிபொருளுக்கும் அடியில் நிற்கும் தண்ணீருக்கும் இடைப்பட்ட எல்லையில் பாய் போல் படரும்.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. களிமண்ணில் புதைத்த வார்ப்பிரும்புக் குழாய்கள் காற்றுப் படாத இடத்தில் ஏன் கெடுகின்றன என்பதை நெதர்லாந்தில் இருவர் ஆராய்ந்து, நுண்ணுயிரையும் மின்வேதியியலையும் இணைத்து 1934 இல் விளக்கம் எழுதினார்கள். அப்படிக் கெட்ட வார்ப்பிரும்புக் குழாய் வடிவம் மாறாமல் இருக்கும். கத்தியால் சுரண்டினால் பென்சில் கரி போல் உதிரும்.

படி 2: தண்ணீர் நிற்கும் இடங்களை வரைந்துகொள்ளுங்கள்

இதுதான் முழு வேலையிலும் முக்கியமான படி. நேரமில்லையென்றால் மற்றவற்றை விட்டுவிட்டு இதை மட்டுமாவது செய்யுங்கள். ஓடுகிற தண்ணீரில் இந்த நுண்ணுயிர்களால் நிலைத்துக் குடியிருப்பது கடினம். நிற்கிற தண்ணீரில், சேற்றுப் படிவுக்குக் கீழே, அவை சௌகரியமாக வாழும். ஆகவே ஒரு காகிதத்தில் உங்கள் தொழிற்சாலையின் குழாய் வழிகளை வரைந்து, தண்ணீர் நிற்கும் ஒவ்வொரு இடத்தையும் சிவப்புப் பேனையால் வட்டமிடுங்கள்.

தீயணைப்புக் குழாய்களில் தொடங்குங்கள். கடல்நீரை நிரப்பி வைத்துவிட்டு மாதக்கணக்கில் யாரும் திறப்பதில்லை. பிறகு, பயன்படுத்தாமல் வால்வை மூடி விட்டுவைத்த கிளைக்குழாய்கள். முன்பு ஒரு இயந்திரம் இருந்திருக்கும், அதைக் கழற்றியிருப்பார்கள், குழாய் மட்டும் அப்படியே நிற்கும். மாற்றுப் பம்பு, அதாவது முதல் பம்பு பழுதானால் மட்டும் ஓட்டும் இரண்டாவது பம்பு, அதன் உள்ளேயும் தண்ணீர் தேங்கும். வெப்பமாற்றியின் அடிக்குழாய்கள், குளிர்விப்புக் கோபுரத்தின் தொட்டி, கஸ்கட்டின் விளிம்பு, வெல்டிங் தையலின் ஓரம் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய்த் தாங்கிகளில் ஆபத்து எண்ணெயில் இல்லை, அடியில் தேங்கும் தண்ணீரில் இருக்கிறது. பலநாள் மீன்பிடிக் கலங்களின் டீசல் தாங்கியும் அப்படித்தான். பாதி நிரம்பிய தாங்கியின் உட்சுவரில் இரவில் நீராவி ஒடுங்கித் துளியாகி அடியில் சேரும். கலம் சில வாரம் கரையில் நிற்கப்போகிறதென்றால் தாங்கியை நிரப்பி வைப்பதே நல்லது. பில்டரில் கறுப்பு அல்லது கபில நிறச் சளி அடைத்தால் அடியில் பூஞ்சணம் வளர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இறங்குதுறையின் உருக்குத் தூண்களையும் பலகைகளையும் மறக்கவேண்டாம். கடல் மிகக் கீழே வற்றும் மட்டத்தை ஒட்டி, பளிச்சென்ற செம்மஞ்சள் திட்டுகள் தெரிகின்றனவா என்று வற்று நேரத்தில் பாருங்கள். அதைச் சுரண்டினால் கீழே கறுப்புச் சேறு, அதற்கும் கீழே மினுங்கும் உலோகம் என்ற வரிசை தெரிந்தால் அது சாதாரணக் கடல் கறள் அல்ல. இந்த வகையில் உருக்கு ஆண்டுக்கு அரை மில்லிமீற்றருக்கும் மேல் தேயக்கூடும்.

தேக்கமும் படிவும் என்ன செய்யும் என்பதற்குப் பெரிய உதாரணம் அலாஸ்காவின் புரூடோ பே. 2006 மார்ச்சில் 34 அங்குல எண்ணெய்க் குழாயில் ஒரு சிறு துளை விழுந்து சுமார் 5,000 பீப்பாய் எண்ணெய் கசிந்தது. எண்ணெய் மெதுவாக ஓடிய குழாய், அடியில் படிவு சேர்ந்திருந்தது, உள்ளே துப்புரவுக் கருவி விட்டுப் பல ஆண்டுகள். உட்புறக் கறளே காரணம் என்று தெரிந்தது. அதில் நுண்ணுயிரின் பங்கு பற்றி அதிகம் பேசப்பட்டது.

படி 3: திறக்கும் முன் பாதுகாப்பு

அழுகிய முட்டை மணம் வந்தால் சல்பைட்டு இருக்கிறது. ஆனால் மூக்கை நம்பி உள்ளே இறங்காதீர்கள். ஐதரசன் சல்பைட்டு வாயு காற்றில் பத்து இலட்சத்தில் 100 பங்கை எட்டும்போது உயிருக்கே உடனடி ஆபத்து. அந்த அளவில் மணத்தை உணரும் சக்தியும் மரத்துப்போகும், மணம் போய்விட்டது என்று நீங்கள் நினைப்பீர்கள். வாயு அளக்கும் கருவி இல்லாமல், வெளியே ஒருவர் காவல் நிற்காமல், தாங்கிக்குள்ளோ குழிக்குள்ளோ தலையை விடவேண்டாம்.

இன்னொன்று. எண்ணெய்த் தாங்கியிலிருந்து எடுத்த கறுப்புச் சல்பைட்டுச் சேறு காய்ந்து காற்றுப் பட்டால் தானாகவே தீப்பற்றக்கூடும். அதை எப்போதும் நனைத்தே வைத்திருங்கள்.

படி 4: அடையாளம் கண்டு சோதியுங்கள்

திறந்தவுடன் கழுவாதீர்கள். முதலில் படம் எடுங்கள். கறுப்புப் படிவு காற்றுப் பட்டால் சிறிது நேரத்தில் கபிலமாக மாறிவிடும், பிறகு சாதாரணக் கறளிலிருந்து பிரித்தறிய முடியாது.

படிவில் கொஞ்சம் எடுத்து, காற்றோட்டமான வெளியிடத்தில், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, நீர்த்த ஐதரோகுளோரிக் அமிலம் ஒரு துளி விடுங்கள். அழுகிய முட்டை மணம் கிளம்பினால் சல்பைட்டு இருப்பது உறுதி. துளியோடு நிறுத்துங்கள், கூட ஊற்ற வேண்டாம். குனிந்து மணக்கவும் வேண்டாம்.

பிறகு பற்றீரியா வளர்க்கும் சோதனைப் போத்தல்கள். இவற்றின் நிறத்தைப் பார்த்தே முடிவை அறியலாம். உள்ளே போட்ட மாதிரியில் சல்பேற்றுப் பற்றீரியா இருந்தால் சில நாட்களில் கறுக்கும். சிலவேளை நான்கு வாரம் வரை காத்திருக்க வேண்டிவரும். மாதிரி எடுக்கும்போது வெறும் தண்ணீரை மட்டும் எடுத்தால் ஏமாறுவீர்கள். பற்றீரியாக்கள் பெரும்பாலும் சுவரில் ஒட்டியிருக்கும், நீந்துபவை கொஞ்சம்தான். குழிக்கு மேலே இருந்த படிவையே சுரண்டி எடுங்கள். போத்தலை வாய்வரை நிரப்பி மூடி, குளிர்ச்சியாக வைத்து, அன்றைக்கே ஆய்வுகூடத்துக்குக் கொடுங்கள்.

ஆனால் பற்றீரியா இருந்தது என்பது மட்டும் தீர்ப்பல்ல. கடல்நீரில் எங்கும் அவை இருக்கும். மூன்றும் ஒன்றாகப் பொருந்த வேண்டும்: குழியின் இடமும் வடிவமும், படிவில் சல்பைட்டு, உயிருள்ள நுண்ணுயிர். சீனக்குடாவில் பிரித்தானியர் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் 99 இருக்கின்றன. அவற்றில் பல நீண்டகாலம் பயன்படாமல் காட்டுக்குள் நின்றவை. அந்தக் கறளைப் பார்த்து எல்லாம் பற்றீரியாவின் வேலை என்று சொல்லிவிட முடியாது, மழையும் உப்புக்காற்றுமே அதற்குப் போதும். காரணத்தைத் தவறாகச் சொன்னால் மருந்துக்குக் கொடுக்கும் பணம் வீண்.

படி 5: தடுப்பு, வரிசை மாறாமல்

முதலில் தண்ணீரை வெளியேற்றுங்கள். தாங்கியின் அடி வால்வைக் கிழமைக்கு ஒருமுறையாவது திறந்து, எண்ணெய் வரும்வரை தண்ணீரை வடியுங்கள். வடிந்ததை வாளியில் பிடித்து, முறைப்படி அகற்றுங்கள். அளவுக் கோலின் நுனியில் தண்ணீர் காட்டும் பசையைத் தடவி இறக்கினால் அடியில் எவ்வளவு நிற்கிறது என்று தெரியும். பயன்படாத கிளைக்குழாயை வெட்டி மூடிவிடுங்கள். மாற்றுப் பம்பை முறை வைத்து ஓட்டுங்கள். குழாய்க்குள் நீர் வினாடிக்கு ஒரு மீற்றருக்குக் குறையாமல் ஓடினால் படிவு சேர்வது பெருமளவு குறையும்.

புதுக் குழாயை நீர் அழுத்தச் சோதனை செய்தபின் தண்ணீரை உள்ளேயே விட்டுவிடுவது நான் அதிகம் கவலைப்படும் பழக்கம். 304, 316 வகைக் கறளேறா உருக்கில்கூட, அப்படி நின்ற தண்ணீரால் வெல்டிங் தையலை ஒட்டிச் சில மாதங்களிலேயே துளை விழுந்திருக்கிறது. சுத்தமான நன்னீரால் சோதியுங்கள், முடிந்ததும் வடித்து, காற்றடித்து உலர்த்துங்கள்.

அடுத்தது துப்புரவு. தூரிகை, நீர்த்தாரை, குழாய்க்குள் ஓடும் துப்புரவுக் கருவி, எது பொருந்துமோ அது. இதைச் செய்யாமல் மருந்து ஊற்றினால் படலத்தின் மேல்பகுதி மட்டும் சாகும், அடியில் இருப்பவை பிழைத்து மறுபடி வளரும்.

பிறகுதான் கிருமிகொல்லி. கடல்நீர் ஒருமுறை ஓடி வெளியேறும் குளிர்விப்பு முறைகளில் குளோரின் வழக்கம். வெளியேறும் முனையில் லீற்றருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் எஞ்சியிருக்கும்படி வைப்பார்கள். மூடிய சுற்றுகளில் குளுற்றரல்டிகைட்டு போன்றவை. ஒரே மருந்தையே காலமெல்லாம் போடாமல் மாற்றி மாற்றிப் போடுங்கள். வெளியேறும் தண்ணீர் போவது நம் மீன்பிடிக் குடாவுக்குள்தான். உங்கள் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் எந்த அளவை அனுமதிக்கிறது என்று பார்த்தே அளவை முடிவு செய்யுங்கள்.

புதைத்த குழாய்க்கும் இறங்குதுறைத் தூணுக்கும் நல்ல பூச்சோடு கதோட்டுப் பாதுகாப்பும், அதாவது உருக்குக்குச் சிறு மின்னோட்டம் கொடுத்துக் கறளைத் தடுக்கும் முறையும், வேண்டும். செம்பு–செம்புச் சல்பேற்று மின்வாயை ஒப்பீடாக வைத்து அளக்கும்போது உருக்குக்கு வழக்கமாக மறை 850 மில்லிவோல்ற்று போதும். சல்பேற்றுப் பற்றீரியா இருக்கும் மண்ணில் மறை 950 வரை கொண்டுபோவார்கள். இந்த 100 மில்லிவோல்ற்று வித்தியாசத்தை மேற்பார்வையாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

படி 6: கொப்பி ஒன்று வையுங்கள்

சிவப்பு வட்டமிட்ட ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பக்கம். திகதி, வடித்த தண்ணீரின் அளவு, நிறம், மணம், மீயொலிக் கருவியால் அளந்த சுவரின் தடிப்பு. தடிப்பை ஒவ்வொரு முறையும் ஒரே புள்ளியில் எடுக்கவேண்டும், பெயின்ற்றால் குறியிட்டு வையுங்கள். குழி சிறிதென்பதால் ஒற்றைப் புள்ளியில் அது தப்பிவிடலாம். ஆகவே குழாயின் அடிப்பகுதியில், மணிக்கூட்டில் ஆறு நிற்கும் இடத்தில், நெருக்கமாகப் பல புள்ளிகள் எடுங்கள். வடகீழ்ப் பருவமழை தொடங்குமுன் ஒருமுறை, தை மாதம் மழை ஓய்ந்தபின் ஒருமுறை எல்லாப் பக்கங்களையும் நிரப்புங்கள். வடிக்கும் தண்ணீர் கறுத்தாலோ தடிப்பு முன்னைய அளவிலிருந்து இறங்கினாலோ அந்தப் பகுதியை நிறுத்தி, படி 3 இலிருந்து தொடங்குங்கள்.