பாட்டில் மேல லேபிள் இழுபடாம ஒட்ட எனக்கு செட் ஆனது பிளெண்டர்ங்கற த்ரீடி சாஃப்ட்வேர்

செக்கு எண்ணெய் லேபிள த்ரீடில காட்ட ரெடிமேட் மாக்கப் (மாதிரிப் படம்) ஆப் ஒண்ணு யூஸ் பண்ணேன், பாட்டில் வளையற எடத்துல எழுத்து இழுபட்டு 'ண'வோட சுழியெல்லாம் நசுங்கிடுச்சு, மேப்பிங்க, அதாவது படம் பாட்டில் மேல படியற விதத்த, நம்ம கையால மாத்தவும் வழியில்ல. சப்ஸ்டன்ஸ் பெயின்டர் அருமையான சாஃப்ட்வேர், துரு, கீறல், அழுக்குன்னு லேயர் லேயரா பூச அத அடிச்சுக்க ஆளில்ல, ஆனா ஒரு லேபிளுக்கு அவ்ளோ பெருசு தேவையில்ல, மாசாமாசம் காசு வேற.

அதான் பிளெண்டர், முழுக்க இலவசம், யூவிய, அதாவது பாட்டிலோட மேற்பரப்ப தட்டையா விரிச்ச வரைபடத்த, நம்மளே பிரிக்கலாம். மொதல்ல கன்ட்ரோல் ஏ அடிச்சு ஸ்கேல அப்ளை பண்ணிடுங்க, இது ரொம்ப முக்கியம், அப்புறம் லேபிள் வர்ற பகுதிக்கு மேல ஒரு வளையம், கீழ ஒரு வளையம், பின்பக்கம் ஒரு நேர்கோடு, இந்த எட்ஜுக்கெல்லாம் மார்க் சீம் (வெட்டுக்கோடு) குடுத்து அன்ராப் பண்ணா அந்தப் பகுதி நீட்டா செவ்வகமா விரியும். ஆர்ட்வொர்க்குக்கு முன்னாடி யூவி கிரிட்ங்கற கட்டம் கட்டமான படத்த போட்டுப் பாருங்க, கட்டம் சதுரமா தெரிஞ்சா சரி. சுத்தி ஒட்டற லேபிள்னா அகலம் சுற்றளவுக்கு பொருந்தணும், 7 செ.மீ விட்டத்துக்கு சுமார் 22 செ.மீ வரும்.

கலர் மங்கலா தெரிஞ்சா ஃபைல நோண்டாதீங்க, பிளெண்டர் 4.0லேர்ந்து வியூ டிரான்ஸ்ஃபார்ம் (கலர் திரையில எப்படித் தெரியணும்ங்கற செட்டிங்) ஏஜிஎக்ஸ்ல தான் இருக்கும், ஸ்டாண்டர்டுக்கு மாத்துங்க, மஞ்சள் மஞ்சளாவே வரும்.