முயலுக்கு உடம்பு சரியில்லையா? டாக்டரிடம் எப்போது போவது என்று முடிவெடுப்பது எப்படி

நாய்க்கு வலித்தால் முனகும். முயல் ஒன்றும் செய்யாது. ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான். நரியும் கழுகும் துரத்திப் பிடிக்கிற பிராணி அது. தளர்ந்து போனதை வெளியே காட்டினால் முதல் இரை அதுதான். அதனால் நோவை மறைப்பது அதற்குப் பிறவிக் குணம். "கொஞ்சம் சோர்ந்த மாதிரி இருக்கே" என்று நமக்குத் தோன்றும்போது, உள்ளே சிக்கல் தொடங்கிப் பல மணி நேரம் ஆகியிருக்கும்.

எங்கள் முதல் முயல் ஒரு நாள் மாலை கீரையைத் தொடவில்லை. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டோம். காலையில் காது சில்லென்று இருந்தது. அள்ளிக்கொண்டு ஓடினோம், பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு படித்தும், டாக்டர்களிடம் கேட்டும், அடுத்தடுத்து வளர்த்த முயல்களோடு பழகியும் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். முயல் வளர்க்கத் தொடங்கி ஒரு வாரம்தான் ஆகிறது என்றாலும் இதைச் செய்ய முடியும்.

படி 1: நன்றாக இருக்கும்போதே அளந்து வையுங்கள்

நோய் வந்த பிறகு "இது வழக்கமா, புதுசா?" என்று குழம்பாமல் இருக்க, இப்போதே ஒரு சின்ன நோட்டைத் தொடங்குங்கள். வாரம் ஒரு முறை எடை எழுதுங்கள். சமையலறைத் தராசில் ஒரு கிண்ணம் வைத்தால் போதும். எடை வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே வந்தால், முயல் துள்ளி விளையாடினாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

படுத்திருக்கும்போது விலாப்பக்கம் ஏறி இறங்குவதை 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். ஓய்வில் இருக்கும் முயல் நிமிடத்துக்கு 30 முதல் 60 முறை வரை மூச்சு விடும். மூக்கு துடிப்பதை எண்ண வேண்டாம், அது வேறு கணக்கு.

காதின் அடிப்பகுதியை அடிக்கடி தொட்டுப் பாருங்கள். வழக்கமான சூடு எவ்வளவு என்பது கைக்குப் பழகிவிட்டால் பின்னால் ரொம்ப உதவும். முயலின் உடல் வெப்பம் சுமார் 38.5 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும், நம்முடையதைவிட அதிகம்.

படி 2: சந்தேகம் வந்ததும், தொடாமல் தள்ளி நின்று பாருங்கள்

தூக்கினால் பயந்துபோய் எல்லாவற்றையும் மறைத்துவிடும். இரண்டு நிமிடம் எட்ட நின்று கவனியுங்கள். கீழே சொல்பவற்றில் ஒன்று இருந்தாலும் படி 3 முதல் 6 வரை எதுவும் வேண்டாம். நள்ளிரவாக இருந்தாலும் கிளம்பிவிடுங்கள்.

- வாயைத் திறந்து மூச்சு விடுகிறது. முயல் மூக்கால் மட்டுமே மூச்சு விடும் பிராணி. வாயைத் திறக்கிறது என்றால் மூச்சுத் திணறல் முற்றிவிட்டது.
- பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது, தொட்டாலும் எழவில்லை, அல்லது வலிப்பு வருகிறது.
- பின்கால்களை இழுத்துக்கொண்டு நகர்கிறது. முயலின் முதுகெலும்பு மெல்லியது. பிடித்திருக்கும்போது பலமாக உதைத்தாலே முறியலாம்.
- தலை திடீரென்று ஒரு பக்கம் கோணியிருக்கிறது, நிற்க முடியாமல் உருள்கிறது.
- நிற்காத இரத்தம், அல்லது நாய், பூனை கடித்த காயம். பூனைப் பல் பட்ட ஓட்டை ஊசிமுனை அளவே இருந்தாலும் உள்ளே சீழ் பிடிக்கும்.
- வாலடியில் ஈ முட்டையோ புழுவோ தெரிகிறது. பின்பக்கம் ஈரமும் அழுக்குமாக இருந்தால் ஈ அங்கே முட்டையிடும். ஒரு நாளுக்குள் பொரிந்து புழு சதையைத் தின்னத் தொடங்கிவிடும்.
- வெயிலில் அல்லது புழுக்கத்தில் இருந்த முயல், காது கொதிக்க, மூக்கும் வாயும் நனைந்து துவண்டு கிடக்கிறது.

உட்காரும் விதத்தையும் பாருங்கள். வலியிருக்கும் முயல் முதுகைக் கூன்போட்டு, கால்களை உடம்புக்கு அடியில் இறுக்கிக்கொண்டு உட்காரும். கண் பாதி மூடியிருக்கும், கன்னம் உருண்டையாக இல்லாமல் ஒட்டியிருக்கும், காது பின்னால் மடிந்து இறுகியிருக்கும். அடிவயிற்றைத் தரையில் அழுத்தி அழுத்திப் படுத்து, நிலைகொள்ளாமல் இடம் மாறிக்கொண்டே இருந்தால் வயிற்று வலி என்று எடுத்துக்கொள்ளலாம். பல் சத்தத்தில் இரண்டு வகை உண்டு. தடவிக்கொடுக்கும்போது மெல்லக் கேட்கும் 'கிறுகிறு' சத்தம் சுகத்துக்கு. தனியாக உட்கார்ந்து நறநறவென்று உரக்கக் கடித்தால் வலிக்கு.

படி 3: பிடித்த தீனியை நீட்டுங்கள்

எதற்கு ஓடோடி வருமோ அதையே ஒரு துண்டு கொடுங்கள். டக்கென்று வாங்கித் தின்றால் நல்லது. ஆனால் பிடித்ததை மட்டும் தின்றுவிட்டுக் காய்ந்த புல்லைத் தொடவில்லை என்றால், அதைத் தின்றதாகக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பினால் வயிற்றில் சிக்கல் இருக்கலாம். ஆசையாக வாயில் எடுத்து, மென்று பார்த்து, கீழே போட்டால் பல்லில் சிக்கல் இருக்கலாம். முயலுக்குப் பல் வாழ்நாள் முழுக்க வளரும். முன்பல் வாரத்துக்கு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் வளர்கிறது. புல் மென்று தேய்த்தால்தான் அளவில் நிற்கும். தேயாத கடைவாய்ப்பல் கூர்முனையாகி நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும். தாடை நனைந்திருப்பது, ஒரு கண்ணில் மட்டும் நீர் வடிவது இரண்டுமே பல்லிலிருந்து வரலாம். முன்பல் ஒழுங்காகத் தெரிவதால் பல் சரி என்று நினைத்துவிட வேண்டாம், கடைவாயைக் கருவி வைத்துத்தான் பார்க்க முடியும்.

படி 4: புழுக்கையைப் படியுங்கள்

இந்தப் படிக்கு நேரம் கொடுங்கள். முயலின் உடம்பு நமக்கு எழுதும் கடிதம் மாதிரி இது. புழுக்கை விழும் தட்டை முழுக்கச் சுத்தம் செய்து, மணியைக் குறித்து வையுங்கள். பழைய புழுக்கை கிடந்தால் எது எப்போது போட்டது என்று தெரியாது. எங்கள் முதல் முயல் விஷயத்தில் ஏமாந்தது இங்கேதான். தட்டு நிறையப் புழுக்கை இருந்தது, எல்லாம் காலையில் போட்டது.

நல்ல புழுக்கை உருண்டையாக, ஒரே அளவில் இருக்கும். நசுக்கினால் புல்தூளாக உதிரும். ஒரு நாளில் 200-க்கு மேல் போடுவது சாதாரணம். அதனால் ஐந்தாறு மணி நேரம் தட்டு காலியாகக் கிடப்பதே வழக்கத்துக்கு மாறானது.

சிறுத்துப் போனதோ கோணல்மாணலானதோ தெரிந்தால் குடல் மெதுவாகிறது என்று பொருள். முடியில் கோத்த மணிமாலை போல வந்தால், உதிர்ந்த முடியை அதிகம் விழுங்கியிருக்கிறது. முயல் நன்றாகத் தின்றுகொண்டிருந்தால் சீவிவிட்டு, புல்லை அதிகப்படுத்தி அன்று முழுக்கக் கவனிக்கலாம். கோழை போல வழவழப்பாக வந்தால் அன்றைக்கே காட்டுங்கள்.

அப்புறம், திராட்சைக் கொத்து மாதிரி மென்மையாக, பளபளப்பாக, வாடையோடு ஒன்று வரும். அதைப் பார்த்து வயிற்றுப்போக்கு என்று பதறுபவர்கள் நிறைய. அது சத்துள்ள மென்புழுக்கை. முயல் அதை ஆசனவாயிலிருந்தே எடுத்துத் தின்றுவிடும், தின்னவும் வேண்டும். எப்போதாவது ஒன்று மிதிபட்டுக் கிடந்தால் கவலையில்லை. தினமும் மிச்சம் கிடந்தால் தீனியில் மாவும் இனிப்பும் அதிகமாகியிருக்கலாம், அல்லது பருமனாலோ வலியாலோ குனிந்து எடுக்க முடியாமல் இருக்கலாம். இந்த வாரத்துக்குள் காட்டினால் போதும்.

தண்ணீராகப் போவது வேறு. பெரிய முயலுக்கே அது அவசரம். குட்டி என்றால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும், யோசிக்கவே வேண்டாம்.

சிறுநீர் சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ இருந்தால் பயந்துவிடாதீர்கள். தீனியில் உள்ள நிறமிகளால் அப்படி வருவது உண்டு. கால்சியத்தால் வெள்ளையாகக் கலங்கியும் வரும். ஆனால் நடுநடுவே இரத்தத் துளியோ கட்டியோ தெரிந்தால் டாக்டர் பார்க்க வேண்டும், கருத்தடை செய்யாத பெண் முயலாக இருந்தால் கட்டாயம். அவற்றுக்கு வயது ஏற ஏறக் கருப்பைப் புற்று வருவது அதிகம். முக்கி முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் உடனே கிளம்புங்கள்.

படி 5: மெதுவாகத் தொட்டுப் பாருங்கள்

காது வழக்கத்தைவிடச் சில்லென்று, முயலும் துவண்டிருந்தால் உடல் வெப்பம் இறங்குகிறது. 38 டிகிரிக்குக் கீழே போவது காய்ச்சலைவிட மோசமான அறிகுறி. ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைப்பதை ஒரு டாக்டர் கற்றுக்கொடுக்காமல் செய்ய வேண்டாம், காதைத் தொட்டுப் பார்ப்பதே போதும்.

வயிற்றை இரண்டு கையாலும் லேசாகத் தாங்கிப் பாருங்கள். பிசைந்த மாவு போல இளக்கமாக இருக்க வேண்டும். மத்தளம் போல இறுகி உப்பியிருந்தால், காற்று சேர்ந்திருக்கலாம், குடல் அடைபட்டும் இருக்கலாம். முயலால் வாந்தி எடுக்க முடியாது. அடைத்தது மேலே திரும்பி வர வழியே இல்லை. உப்பிய வயிற்றோடு ஒரு முயலை ஒரு மணி நேரம்கூட வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

படி 6: கடிகாரத்தைப் பார்த்து முடிவெடுங்கள்

முகத்தைப் பார்த்து முடிவெடுத்தால் மனம் நமக்குச் சாதகமாகப் பேசும். "இப்போ பரவாயில்லை மாதிரி இருக்கே" என்று அரைமணிக்கு ஒரு முறை தோன்றும். கடிகாரம் அப்படிப் பேசாது.

கடைசியாக நன்றாகத் தின்றதையும் புழுக்கை போட்டதையும் நீங்கள் கண்ணால் பார்த்தது எப்போது? அங்கிருந்து எண்ணுங்கள். பார்க்காத நேரத்தையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். "ராத்திரி தின்றிருக்கும்" என்பது கணக்கில் வராது.

12 மணி நேரம் தின்னவில்லை, அல்லது புழுக்கை போடவில்லை என்றால் அவசரம். இது வெளி எல்லை. அதுவரை காத்திருக்கச் சொல்லும் எண் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முயலின் குடல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்றால் காற்று சேரும், வலி வரும், வலியால் இன்னும் தின்னாது, குடல் இன்னும் மெதுவாகும். கல்லீரலில் கொழுப்பு சேரத் தொடங்கும், பருமனான முயலுக்கு இன்னும் சீக்கிரம். அதனால் நான் வீட்டில் வைத்திருக்கும் விதி இதைவிடக் கடுமையானது. ஒரு வேளை தீனியை ஒதுக்கினால் தட்டைச் சுத்தம் செய்து மணி குறிக்கிறேன். நான்கு மணி நேரத்தில் மாற்றம் இல்லையென்றால் டாக்டருக்கு போன். தீனியை ஒதுக்குவதோடு கூனி உட்கார்ந்தாலோ பல்லைக் கடித்தாலோ காது சில்லிட்டாலோ நான்கு மணி நேரமும் கிடையாது.

நன்றாகத் தின்று, நன்றாகப் புழுக்கை போடும் முயல் என்றால் சில விஷயங்களுக்கு ஓரிரு நாள் பொறுக்கலாம்: எப்போதாவது ஒரு தும்மல், லேசாக நொண்டுவது, பொடுகு, காதைச் சொறிவது, நகம் உடைவது. மூக்கில் வெள்ளைச் சளி வந்தாலோ முன்னங்கால் உட்புற முடி சளியால் ஒட்டியிருந்தாலோ அடுத்த நாளே காட்டுங்கள்.

படி 7: போகும்வரை என்ன செய்யலாம், என்ன செய்யவே கூடாது

உடம்பு சில்லென்றிருந்தால் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். விலகிப் போகவும் இடம் இருக்கட்டும். வெப்பம் தாக்கியிருந்தால் நிழலுக்கு மாற்றி, காதுகளைச் சாதாரணத் தண்ணீரால் நனையுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம், முக்கி எடுக்கவும் வேண்டாம். முதுகில் அடிபட்ட சந்தேகம் இருந்தால் நீள்துண்டு விரித்த பெட்டியில் கிடத்தி, அசையாமல் கொண்டுபோங்கள்.

சிரிஞ்சில் கரைத்த தீனி கொடுப்பதைப் பல இடங்களில் முதல் வைத்தியமாகச் சொல்வார்கள். வயிறு உப்பியிருக்கும்போது அது அடைப்புக்கு மேல் அடைப்பு. துவண்ட முயலுக்குக் கொடுத்தால் நுரையீரலுக்குள் போய்விடும். டாக்டர் பார்த்துச் சரி என்ற பிறகு கொடுங்கள்.

வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையைத் தொடாதீர்கள். அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின் போன்றவற்றை வாய்வழி கொடுத்தால் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து முயலே செத்துப்போகும். நாய், பூனைக்கு உண்ணிக்காகப் போடும் ஃபிப்ரோனில் மருந்தும் முயலுக்கு நஞ்சு. மல்லாக்கப் போட்டு "அமைதியாயிடுச்சு" என்று நினைப்பதும் வேண்டாம், அது பயத்தில் உறைந்துபோவது.

படி 8: சரியான டாக்டரை முன்கூட்டியே கண்டுபிடியுங்கள்

எல்லாக் கால்நடை மருத்துவர்களும் முயல் பார்த்துப் பழகியவர்கள் அல்ல. இன்றே போன் செய்து, "முயல் பார்ப்பீர்களா? ராத்திரியில் யாரிடம் போவது?" என்று கேளுங்கள். இன்னொரு கேள்வியும் எனக்குப் பிடிக்கும்: "அறுவைக்கு முன்னால் பட்டினி போட வேண்டுமா?" முயல் வாந்தி எடுக்காது என்பதாலும் குடல் ஓட வேண்டும் என்பதாலும் இரவு முழுக்கப் பட்டினி போடத் தேவையில்லை. பட்டினி போடுங்கள் என்று பதில் வந்தால் இன்னொருவரையும் விசாரித்து வையுங்கள்.

போகும்போது மூடிய கூடை, வழுக்காமல் ஒரு துண்டு, கொஞ்சம் காய்ந்த புல், கடைசியாகப் போட்ட புழுக்கை, எடை எழுதிய நோட்டு. ஜோடி முயல் இருந்தால் அதையும் அழைத்துப் போங்கள். துணை பக்கத்தில் இருந்தால் பயம் குறையும், திரும்பி வந்தபின் சண்டையும் வராது. டாக்டரிடம் முதலில் மணியைச் சொல்லுங்கள்: "நேற்று இரவு எட்டு மணிக்குத் தின்றது, அதற்குப் பிறகு இல்லை."

வீட்டுக்கு வந்ததும் மறுபடியும் தட்டைச் சுத்தம் செய்து மணியைக் குறியுங்கள். முதல் புழுக்கை சின்னதாக, கருப்பாக, உலர்ந்து வரும். அதுவே நல்ல சேதி. உருண்டையும் அளவும் பழையபடி ஆக இரண்டு மூன்று நாள் பிடிக்கும். டாக்டர் சொன்ன நேரத்துக்குள் ஒன்றும் வரவில்லை என்றாலோ, தின்னத் தொடங்கியது மறுபடி நின்றாலோ, அடுத்த வரவுக்குக் குறித்த தேதி வரை காத்திருக்காமல் அப்போதே போன் செய்யுங்கள்.