இமாகுலேட்டாவின் மூன்று பட்டங்களுக்குக் கண்காட்சி வைப்பது எப்படி?

பென்சில்வேனியாவின் இமாகுலேட்டா கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணி 1972, 1973, 1974 என வரிசையாக மூன்று முறை தேசிய சாம்பியன். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுப் போட்டிகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் பட்டியலில் தேடினால் கிடைக்காது. பெண்கள் கூடைப்பந்துக்கு அது போட்டி நடத்தத் தொடங்கியதே 1982-இல்தான். அதனால் முதல் பலகையிலேயே அப்போது கல்லூரிப் பெண்களுக்கான போட்டிகளை நடத்திய ஏ.ஐ.ஏ.டபிள்யூ. என்ற அமைப்பின் பெயரையும், பயிற்சியாளர் கேத்தி ரஷ் பெயரையும் போடுங்கள். வெறுமனே ‘தேசிய சாம்பியன்’ என்றால் பார்ப்பவர் கைப்பேசியில் தேடிவிட்டுச் சந்தேகப்படுவார். 1972 இறுதியாட்டம் வெஸ்ட் செஸ்டர் கல்லூரிக்கு எதிராக 52-48. ஒவ்வொரு ஸ்கோரையும் மறுநாள் நாளிதழ்கள் இரண்டிலாவது சரிபாருங்கள்.

சிக்கல் சீருடையில்தான். அந்தக் காலக் கம்பளித் துணியை ஹேங்கரில் மாட்டினால் தோள்பட்டை இழுபட்டுக் கிழியும். அமிலமற்ற தாளை மடிப்புகளுக்குள் சுருட்டி வைத்து, படுக்கை வாட்டில் வையுங்கள். வெளிச்சம் 50 லக்ஸுக்கு மேல் வேண்டாம், சாயம் வெளுத்துவிடும். பூச்சி அரித்த தடம் தெரிந்தால் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் மூடி, உறைபெட்டியில் மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் இரண்டு வாரம். எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள்; ஒரு நாள் அறை வெப்பத்தில் கிடக்கட்டும், இல்லையென்றால் துணியில் ஈரம் கோக்கும்.

நாளிதழ்களை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து நகலை மட்டும் மாட்டுங்கள்.

ஆட்டங்களில் அந்தக் கத்தோலிக்கக் கல்லூரியின் கன்னியாஸ்திரிகள் வாளி தட்டி ஆரவாரம் செய்தது பிரசித்தம். இரண்டு தகர வாளிகளும் குச்சியும் வாசலில் வையுங்கள். கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் வேண்டாம், பிள்ளைகள் சும்மா இருக்கமாட்டார்கள்.