லிஃப்தா மலைச்சரிவை எப்படிப் பார்ப்பது?

எருசலேமுக்குப் புனிதப் பயணம் வரும் நம்மவர்களைக் கூட்டிக்கொண்டு போவது என் வேலை. மக்கள் இல்லாமல் பாழடைந்து கிடக்கும் பழைய பாலஸ்தீன அரபு ஊரான லிஃப்தா எங்கள் பட்டியலில் கிடையாது. கேட்பவர்களை மட்டும் அழைத்துப் போவேன். டெல் அவீவ் நெடுஞ்சாலை நகருக்குள் நுழையும் இடத்தில், ரோட்டுக்குக் கீழே பள்ளத்தாக்கில் கிடக்கிறது அந்த ஊர். பிப்ரவரியில் போங்கள். வாதுமை பூத்திருக்கும்.

இறங்கியதும் எல்லோரும் பாழடைந்த வீடுகளைப் படமெடுக்க ஓடுவார்கள். வீடு எங்கும் போகாது, முதலில் ஊற்றுக்குப் போங்கள். பைபிளில் யோசுவா 15-இல் வரும் நெப்தோவாவின் நீரூற்று இதுதான் என்பார்கள். குளத்திலிருந்து தண்ணீர் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பார்த்தால் ஊரின் கணக்கு பிடிபடும். ஊற்றுக்குக் கீழே இருப்பவை வாய்க்கால் பாய்ந்த காய்கறித் தோட்டங்கள். மேலே ஏறினால் ஆலிவ், அத்தி, வாதுமை. எல்லாம் குளிர்கால மழையை நம்பியவை. கோடையில் அங்கே சொட்டு மழை கிடையாது.

அப்புறம் படிப்படியாக நிற்கும் தாங்குசுவர்கள். இடிந்த இடமாகத் தேடிப் பிடியுங்கள். முழுச் சுவரில் முகம்தான் தெரியும், இடிந்ததில் வயிறே தெரியும். முன்னால் பெரிய சுண்ணாம்புக் கற்கள், சாந்து இல்லாமல் கீழே இரண்டு கல் சேரும் இடத்தை மேல் கல் மூடும்படி அடுக்கியவை. அதன் பின்னால் சல்லி, அதற்கும் பின்னால் மண். மழைத்தண்ணீர் சல்லி வழியாகக் கசிந்து வெளியேறும், மண் நிற்கும். சல்லி அடைத்துக்கொண்டால் சுவர் முன்னால் உப்பும். அப்படி உப்பிய சுவருக்குக் கீழே நிற்காதீர்கள். மேலே ஏறவும் கூடாது. சுவர் விழுந்த இடத்திலும் சப்பாத்திக் கள்ளி வரிசையாக நின்றால், அது யாரோ வைத்த வேலி.

வீடுகள் கடைசியில். சுமார் 55 மிச்சம். 1947 டிசம்பர் இறுதியில் ஊர்க் காபிக்கடையில் யூத ஆயுதக்குழு ஒன்று துப்பாக்கிச் சூடு நடத்தியது. அடுத்த சில வாரங்களில் ஊரே காலி. கூரை வளைவில் தெரியும் ஓட்டைகள் தானாக விழுந்தவை அல்ல. யாரும் திரும்பக் குடியேறாதபடி இஸ்ரேல் அதிகாரிகள் பிறகு வெடிவைத்தது. இங்கே சொகுசு வீடுகள் கட்டுவதற்கான ஏலத்தை 2012-இல் நீதிமன்றம் ரத்து செய்தது. 2021-இல் மறுபடி அறிவித்தார்கள்.

உள்ளே கடை இல்லை, தண்ணீர் கொண்டு போங்கள். திரும்பும் ஏற்றம் செங்குத்து. முட்டிவலிக்காரர்கள் ஊற்றோடு நின்றுகொள்வது நல்லது.