லோதெப் சண்டையில் ஹீல் செய்வது எப்படி: மூன்று நொடிக் கணக்கு

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆட்டத்தில் நக்ஸ்ரமாஸ் என்ற கோட்டையின் பிளேக் குவார்ட்டர் பகுதியில் வரும் கடைசி பாஸ் (பெரிய எதிரி) லோதெப். இரண்டே ஹீலரோடு (மற்றவர்களின் உயிரை ஏற்றுபவர்) பத்துப் பேராகப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் கூட்டம் பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், வள்ளியூர் என்று சிதறிக் கிடக்கிறது. ஆடுவது ஐரோப்பிய சர்வரில். பிங் (சர்வருக்குப் போய்வரும் தாமதம்) 200 மில்லிநொடிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். மற்ற பாஸ்களிடம் அதைச் சமாளித்துவிடலாம், இவனிடம் முடியாது.

2006இல் இது நாற்பது பேர் சேர்ந்து ஆடும் ரெய்டாக வந்தபோது, ஒரு ஹீல் போட்டவர் அடுத்த ஒரு நிமிடத்துக்கு இன்னொன்று போட முடியாது. அதனால் ஹீலர்கள் வரிசை போட்டு ஆடினார்கள். 2008இல் ராத் ஆஃப் த லிச் கிங் என்ற விரிவாக்கப் பதிப்பு வந்ததும் அது மாறிவிட்டது. இப்போது பாஸ் போடும் நெக்ராட்டிக் ஆரா என்ற தடை 17 நொடி நிற்கும். அதுவரை யார் மேலும் எந்த ஹீலும் ஏறாது. பிறகு 3 நொடி திறக்கும், மறுபடி மூடும். 2022இல் வந்த ராத் கிளாசிக் பதிப்பிலும் இதே கணக்குதான் இருந்தது. பழைய வழிகாட்டியைப் படித்துவிட்டு வரிசை போட வராதீர்கள்.

எல்லோரும் சறுக்குகிற இடம் அந்த மூன்று நொடி. எங்கள் இன்னொரு ஹீலரான பாலடின் என் சித்தி மகன். முதல் நாள் வாய்ஸில் கத்தினான்: "அண்ணே, அமுக்கிட்டேன், ஏற மாட்டேங்கு!" ஆரா விலகியதைப் பார்த்த பிறகுதான் அவன் அமுக்கியிருக்கிறான். குலவணிகர்புரம் ரயில்வே கேட்டில் பார்த்திருப்பீர்கள், கேட் மேலே போகும்போதே வண்டியை ஸ்டார்ட் செய்து வைத்திருப்பவன்தான் முதலில் கடப்பான்.

கணக்கைப் பாருங்கள். டேலண்ட் (நாம் தேர்ந்தெடுக்கும் திறன்கள்) எல்லாம் சேர்த்து பாலடினின் ஹோலி லைட் ஹீலைப் போட ஏறக்குறைய 2 நொடி என்று வையுங்கள். திறந்த பிறகு ஆரம்பித்தால் முதல் ஹீல் இரண்டாவது நொடியில் விழும், அடுத்தது மூடிய கதவில் மோதும். திறப்பதற்கு 1.7 நொடி முன்பே ஆரம்பித்தால் முதலாவது 0.3இல் விழும், இரண்டாவது 2.3இல் விழும். ஒன்றுக்கு இரண்டு. பிங்குக்காக இன்னும் 0.2 நொடி முன்னால் அமுக்குங்கள். நீங்கள் அமுக்கியது சர்வருக்குப் போய்ச் சேர நேரம் எடுக்கும். டெட்லி பாஸ் மாட்ஸ் என்ற ஆட்-ஆனைப் போட்டுக்கொண்டு ஆராவின் டைமரை மட்டும் பாருங்கள். பாஸின் முகத்தைப் பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

பிரீஸ்டாக இருந்தால் பலருக்கும் ஒன்றாக ஏறும் பிரேயர் ஆஃப் ஹீலிங் திறந்தவுடன் விழும்படி முன்கூட்டியே ஆரம்பித்துவிட்டு, அது விழுந்த கையோடு சர்க்கிள் ஆஃப் ஹீலிங். ஷாமனின் செயின் ஹீல் இரண்டரை நொடி. அதையும் முன்கூட்டியே ஆரம்பித்தால் இரண்டு நுழையும், ஹேஸ்ட் (போடும் வேகம்) கொஞ்சம் இருந்தால் இன்னும் எளிது. ட்ரூயிடு, சொட்டுச் சொட்டாக ஏறி முடிவில் மொத்தமாகப் பூக்கும் லைஃப்புளூமை மூடியிருக்கும்போதே டேங்க் (முன்னால் நின்று பாஸின் அடியை வாங்குபவர்) மேல் வைத்து, அது பூக்கிற நேரம் அந்த மூன்று நொடிக்குள் வருமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். இடையில் அது சொட்டுவதெல்லாம் வீண்தான், பூப்பது மட்டும் கணக்கு.

மூடியிருக்கும் 17 நொடியிலும் ஒன்று வேலை செய்யும்: பிரீஸ்டின் பவர் வேர்ட் ஷீல்ட். அது ஹீல் இல்லை, அடியை வாங்கிக்கொள்வது. ஆனால் ஒருவருக்குப் போட்டால் 15 நொடிக்கு அவருக்கே மறுபடி போட முடியாது. அதனால் டேங்குக்கு ஒன்று, பிறகு உயிர் குறைந்தவர்களுக்கு. டேங்க் தன்னுடைய பெரிய தற்காப்பு ஸ்பெல்களை இந்த நேரத்துக்கு என்றே வைத்திருக்கட்டும். மற்ற ஹீலர்கள் சும்மா இருங்கள். ஐந்து நொடி எதுவும் போடாமல் இருந்தால் ஸ்பிரிட்டில் மனா (ஸ்பெல் போடச் செலவாகும் சக்தி) விறுவிறுவென்று ஏறும்.

சண்டைக்கு நடுவே வரும் ஸ்போர் என்ற சிறு எதிரி விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. ஸ்போரைக் கொன்றால் பக்கத்தில் நிற்கும் ஐந்து பேருக்கு கிரிட்டிகல் (அடியோ ஹீலோ வழக்கத்தைவிடப் பெரிதாக விழுவது) வாய்ப்பு 50 சதவீதம் கூடும், த்ரெட்டும் (பாஸ் யாரை அடிப்பான் என்று தீர்மானிப்பது) ஏறாது. அந்த இரண்டாவது பாதி டேங்குக்கு விஷம். அதனால் ஸ்போரை டேங்கிடமிருந்து தள்ளி வைத்துக் கொல்லுங்கள். முதல் ஸ்போர் அடிக்கிறவர்களுக்கு. அடுத்ததில் ஹீலர்கள் போய் நில்லுங்கள், அந்த மூன்று நொடியில் கிரிட் விழுந்தால் பாதி வேலை முடிந்தது.

இரண்டு நிமிடம் ஆனதும் இனெவிட்டபிள் டூம் தொடங்கும். பத்து நொடி கழித்து எல்லோருக்கும் 4000 அடி, அரை நிமிடத்துக்கு ஒருமுறை. ஐந்து நிமிடம் தாண்டினால் 15 நொடிக்கு ஒருமுறை. இது எப்போதும் ஆராவின் ஒரே கட்டத்தில் வராது, ஆராவின் 20 நொடிச் சுற்றும் (17 + 3) டூமின் 30 நொடியும் நிமிடத்துக்கு ஒருமுறைதான் ஒத்துப்போகும். டூம் வெடிக்கிற நேரம் மூடியிருக்கப் போகிறது என்றால் அதற்கு முந்தைய மூன்று நொடியில் எல்லோரையும் நிரப்பிவிட வேண்டும், டேங்கை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. நாங்கள் ஆளுக்கு ஐந்து பேர் என்று பிரித்துக்கொண்டோம்: தம்பிக்கு டேங்கும் அருகில் நின்று அடிக்கிற நால்வரும், பின்னால் நிற்கிற ஐவர் எனக்கு.

ஐந்து நிமிடத்துக்குள் பாஸ் விழவில்லை என்றால் ஹீலர்களைத் திட்டாதீர்கள், அடிக்கிறவர்களைக் கேளுங்கள். இன்னொன்று, ஐரோப்பாவில் மாலை ஏழு மணி ரெய்டு என்றால் நமக்கு ராத்திரி பதினொன்றரை, கோடையில் பத்தரை. ஆடி மாசக் காற்றில் கரண்ட் போகும். இன்வெர்ட்டரில் மோடத்தையும் சேர்த்து மாட்டிவிட்டு உட்காருங்கள்.