“எல்லாம் பெண்டாட்டிக்குத்தானே போகும்” என்று இருந்துவிடாதீர்கள்

உயில் என்று வாயைத் திறந்தாலே “ஏன் இப்ப அபசகுனமா பேசுற” என்பார்கள் நம் வீடுகளில். சரி, பேசாமலே போய்ச் சேர்ந்தால்? முஸ்லிம் அல்லாதவர் உயில் எழுதாமல் இறந்தால், தீபகற்ப மலேசியாவில் 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம்தான் சொத்தைப் பிரிக்கும். மனைவி, பிள்ளைகள், பெற்றோர் எல்லோரும் இருந்தால் மனைவிக்குக் கால் பங்கு, பெற்றோருக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி. கோலாலம்பூர் செந்தூலில் இருவர் சம்பளத்திலும் கடன் கட்டிய வீடு கணவர் பேரில் மட்டும் இருந்தால், அதில் மாமியார் மாமனாருக்கும் பங்கு உண்டு, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கும் உண்டு, அப்புறம் அதை விற்பது லேசான காரியமில்லை.

இதைவிட மோசமான நிலை ஒன்று இருக்கிறது. கோயிலில் தாலி கட்டியதோடு சரி, ஜேபிஎன்னில் (தேசியப் பதிவு இலாகா) பதியவே இல்லை என்கிற குடும்பங்கள். 1982 மார்ச் 1க்குப் பிறகு நடந்த கல்யாணம் என்றால், பதியாதவரை சட்டத்தின் கண்ணில் அது கல்யாணமே இல்லை. உயில் இல்லாவிட்டால் அந்த மனைவிக்குப் பங்கு கிடையாது, பிள்ளைகளும் அப்பா சொத்தில் உரிமை கேட்க முடியாது. ஆகவே முதலில் பதியுங்கள். ஏற்கெனவே உயில் எழுதியிருந்தால் பதிந்த பிறகு புதிதாக எழுதுங்கள், ஏனென்றால் திருமணம் பழைய உயிலை ரத்து செய்துவிடும். பலருக்கு இது தெரியாது.

வக்கீலிடம் போகுமுன் இபிஎஃப்பை (ஊழியர் சேமநிதி) பாருங்கள். யாரை நியமனதாரராக, அதாவது நீங்கள் இறந்தால் பணத்தை வாங்குகிறவராக, போட்டிருக்கிறீர்கள்? கல்யாணத்துக்கு முன்னால் அம்மா பெயரைப் போட்டுவிட்டு அப்படியே மறந்தவர்கள் ஏராளம். முஸ்லிம் அல்லாதவர்களின் இபிஎஃப் பணம் நியமனதாரரின் கைக்கே போகும். உயிலில் வேறு பெயர் எழுதி அதை மாற்ற முடியாது. ஐசியோடு (அடையாள அட்டை) இபிஎஃப் கிளைக்குப் போய் மாற்றலாம், கட்டணம் இல்லை. காப்புறுதியும் அப்படித்தான், ஆனால் அதில் ஒரு நுணுக்கம்: மனைவியையோ கணவரையோ பிள்ளையையோ நியமித்தால் அந்தப் பணத்தில் கடன்காரர்கள் கை வைக்க முடியாது. தம்பியை நியமித்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை, அவர் வாங்கிப் பிரித்துக் கொடுக்கிற ஆள் மட்டுமே.

அடுத்து ஒரு நோட்டில் பட்டியல் போடுங்கள். வீட்டு கிராண்ட் (உரிமைப் பத்திரம்) எங்கே, வங்கிக் கணக்குகள், அமானா சஹாம் யூனிட் டிரஸ்ட் முதலீடு, அடகில் இருக்கும் நகை, கார் கடன், யாருக்காவது ஜாமீன் கையெழுத்துப் போட்டது (இதைத்தான் எல்லோரும் மறைப்பார்கள்), எல்லாமே.

இப்போது உயில். 18 வயது ஆகியிருக்க வேண்டும், எழுத்தில் இருக்க வேண்டும், இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் கூட இருக்க நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும், பிறகு உங்கள் முன்னால் அவர்களும் போட வேண்டும். சொத்து வாங்கப்போகிறவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சியானால் அவருக்கு எழுதிய பங்கு செல்லாது. அதனால் மகளைக் கூப்பிடாதீர்கள், பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் பாதுகாவலர் யார் என்றும் எழுதுங்கள், ஆனால் அவரிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டு. உயிலை நிறைவேற்றுபவராக மூத்த மகன்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. பத்திரங்களை ஒழுங்காக வைத்திருக்கும் சின்ன மருமகளாகவும் இருக்கலாம். என்னைக் கேட்டால் அவள்தான் சரி.

பினாங்கில் இருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு ஃபராயிட் என்ற இஸ்லாமிய வாரிசுப் பங்கீட்டு முறைதான், ‘வசிய்யத்’ எனப்படும் இஸ்லாமிய உயிலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத முடியாது, இபிஎஃப் நியமனதாரரும் வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறவர் மட்டுமே. உயிரோடு இருக்கும்போதே கொடுக்க நினைத்தால் ஹிபா எனும் அன்பளிப்பு முறை பற்றி விசாரியுங்கள்.

வரி வருமோ என்று பயப்பட வேண்டாம், மரண வரியை 1991லேயே எடுத்துவிட்டார்கள். உயிலின் அசல் பிரதியை மட்டும் உங்கள் பேரில் உள்ள வங்கிப் பெட்டகத்தில் பூட்டாதீர்கள். நீங்கள் போன பிறகு அந்தப் பெட்டகத்தைத் திறக்கவே குடும்பம் அலைய வேண்டியிருக்கும். வக்கீலிடமோ நிறைவேற்றுபவரிடமோ கொடுத்துவிட்டு, எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் இரண்டு பேருக்குச் சொல்லிவிடுங்கள்.